எண்ணியவர்கள்

கிழக்கு ஜேர்மனியில் 1989 மே 7ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. அன்றிரவு தேர்தல் ஆணைக்குழுவின் தலைவர் ஏகொன் கிறென்ஸ் தொலைக்காட்சியில் தோன்றி முடிவை வாசித்தார். வாக்களித்தவர்கள் 98.77 வீதம். அரசாங்கத்தின் பட்டியலை ஏற்றுக்கொண்டவர்கள் 98.85 வீதம். அந்த நாட்டில் நாற்பது வருடமாக வாசிக்கப்பட்டு வந்த இலக்கங்களோடு ஒப்பிட்டால் இது கொஞ்சம் குறைவுதான். முந்திய தேர்தல்களில் 99ஐயும் தாண்டிப் போயிருந்தது. அரசாங்கம் பெரிய மனது பண்ணி ஒரு வீதத்தைச் சனத்துக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது என்று சனம் பகிடி விட்டதாம்.

ஆனால் இந்தமுறை பகிடியோடு விஷயம் முடியவில்லை. சில நூறு பேர் வாக்குச்சாவடிகளில் நின்று எண்ணியிருந்தார்கள்.

இதை எனக்கு முதலில் சொன்னவர், பேர்லினில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் என்னோடு வேலை செய்த பெண். பெயர் இங்கே வேண்டாம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கிழக்குப் பேர்லினில் வைசன்சே பகுதியில் பிறந்து வளர்ந்தவர். சுவர் விழுந்து ஐந்து வருடமாகியும் மேற்குப் பக்கத்துப் பேக்கரிகளில் பாண் வாங்கமாட்டார். உப்புக் காணாது என்பார். தொண்ணூறு பேருக்கு உருளைக்கிழங்கு உரிக்கும் வேலையில் மனிதர்கள் பேசாமல் இருக்கமுடியாது. அவருடைய நாட்டைப் பற்றி அவர் எனக்குச் சொன்னார். என்னுடைய நாட்டைப் பற்றி நான் அவருக்குச் சொன்னேன்.

அவருடைய நாட்டை எனக்கு ஏற்கனவே கொஞ்சம் தெரியும். எங்களில் எத்தனையோ பேருக்குத் தெரியும். மொஸ்கோவில் விமானம் மாறி ஷோனஃபெல்ட்டில் இறங்கி, கையில் ஒரு ட்ரான்சிட் விசாவோடு ஃபிறீட்றிக்ஸ்ராச நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து ரயிலேறி மேற்குப் பேர்லினுக்குள் வந்து விழுந்தவர்கள் நாங்கள். தன் சொந்தக் குடிமகன் அந்தச் சுவரைத் தாண்டினால் சுடுகிற அரசாங்கம், எங்களை மட்டும் வழியனுப்பி வைத்தது. மேற்கோ, நகரத்தின் நடுவில் ஓடும் அந்தக் கோட்டை ஒரு எல்லையாக ஏற்றுக்கொள்ளவில்லை, அதனால் அங்கே கடவுச்சீட்டுப் பார்க்கவும் ஆளில்லை. பொன் அரசாங்கம் கிழக்கோடு பேசி 1985 கோடையில் எங்களுக்கு அந்த வழியை அடைத்தது. நான் அதற்குச் சில மாதங்கள் முந்திக்கொண்டேன். கிழக்குப் பேர்லினில் நான் கண்டதெல்லாம் ஒரு பஸ் ஜன்னலுக்கூடாகக் கண்டதுதான். சாம்பல் நிறச் சுவர்கள், நிலக்கரிப் புகை மணம், முகத்தைப் பார்க்காமல் முத்திரை குத்திய ஒரு சீருடை. அந்தச் சாம்பல் சுவர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதைத்தான் அந்தச் சமையலறையில் கேட்டறிந்தேன்.

அங்கே வாக்களிப்பது எப்படியென்று முதலில் சொல்லவேண்டும். சீட்டில் ஒரு பட்டியல் இருக்கும். ஆம், இல்லை என்று புள்ளடி போட இடம் கிடையாது. சீட்டை வாங்கி, மடித்து, பெட்டிக்குள் போட்டால் அது ஆதரவு வாக்கு. 'மடிக்கப் போகிறோம்' என்றுதான் சனம் சொல்லுமாம். எதிர்க்கவேண்டுமென்றால் ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாக வெட்டவேண்டும். அதற்கு மறைப்புக்குள் போகவேண்டும். மறைப்பு ஒரு மூலையில் இருக்கும். எல்லோர் கண்ணுக்கும் முன்னால் அந்த மூலைக்கு நடந்து போவதுதான் அந்த நாட்டின் எதிர்க்கட்சி. போகிறவர் யாரென்று ஒருவர் குறித்துக்கொள்வார். மத்தியானம் கடந்தும் வராதவர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, பெட்டியையே கொண்டுவந்து நீட்டுவார்கள்.

ஆனால் அந்த நாட்டுத் தேர்தல் சட்டத்தில், வாக்கெண்ணுதல் பகிரங்கமாக நடக்கும் என்று ஒரு வரி இருந்தது. ஜனநாயகம் என்ற பெயரை வைத்துக்கொண்ட பிறகு இப்படிச் சில வரிகளை எழுதாமல் இருக்கமுடியாது. எழுதியவர்கள் அதை யாரும் வாசிப்பார்கள் என்று எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். தேவாலயங்களைச் சுற்றியிருந்த சமாதானக் குழுக்களும் சுற்றாடல் குழுக்களும் அந்த வரியை வாசித்தன. மாலை ஆறு மணிக்குச் சாவடி மூடும் நேரத்தில் இரண்டு இரண்டு பேராய்ப் போய், சுவரோரம் நின்று, வாசிக்கப்படும் இலக்கங்களை எழுதிக்கொள்வது என்று முடிவெடுத்தார்கள். வைசன்சேயில் ஏறக்குறைய எல்லாச் சாவடிகளிலும் ஆட்கள் நின்றார்கள்.

நம்முடைய தோழியும் ஒரு பாடசாலை வகுப்பறையில் நின்றார். சிறு பிள்ளைகளின் நாற்காலிகளில் பெரியவர்கள் இருந்து சீட்டுகளை அடுக்கியதைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார். அவருக்கு இருக்க நாற்காலி கொடுக்கவில்லை. பென்சிலால், ஒரு பலசரக்குத் துண்டின் பின்பக்கத்தில் எழுதினார். பயமாக இருக்கவில்லையா என்று கேட்டேன். "எண்ணுவது குற்றமென்று எங்கேயும் எழுதியில்லையே" என்றார். பிறகு சற்றுப் பொறுத்து, "கை நடுங்கித்தான் இருந்தது. அதனால்தான் பென்சில். பேனையென்றால் மை கொட்டியிருக்கும்" என்றார்.

இரவு எல்லாத் துண்டுகளும் ஓரிடத்துக்கு வந்தன. கூட்டிப் பார்த்தார்கள். பின்பு வைசன்சேக்கென்று அரசாங்கம் வெளியிட்ட முடிவோடு ஒப்பிட்டபோது, இவர்கள் எண்ணிய எதிர்வாக்குகள் அரசாங்கம் ஒப்புக்கொண்டதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தன. அப்படியும் பெரும்பான்மை அரசாங்கத்துக்குத்தான். இதுதான் எனக்கு இன்றுவரை வியப்பு. பத்துப் பேரில் ஒன்பது பேர் மடித்துப் போட்டிருந்தார்கள். களவெடுக்காமலே வென்றிருக்கக்கூடிய தேர்தல் அது. அந்த ஒரு ஆளையும் ஒப்புக்கொள்ள அவர்களால் முடியவில்லை.

எங்களுக்கும் ஒரு வாக்கெடுப்பு ஞாபகத்தில் இருக்கிறது. 1982 டிசம்பர் 22, பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தலே இல்லாமல் மேலும் ஆறு வருடம் நீட்டலாமா என்று ஜே. ஆர். ஜெயவர்த்தனா நாட்டைக் கேட்ட சர்வஜன வாக்கெடுப்பு. ஆமென்றால் விளக்கு, இல்லையென்றால் குடம். ஐயா அன்றைக்கு ஒரு சாவடியில் கடமை. இரவு வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது, "எல்லாம் குடம்தான்" என்று மட்டும் சொன்னார். யாழ்ப்பாண மாவட்டத்தில் 90 வீதத்துக்கு மேல் குடத்துக்கு விழுந்தது. நாடு முழுவதற்கும் சேர்த்து விளக்கு 54 வீதத்தைச் சற்றுத் தாண்டி வென்றதாக அறிவித்தார்கள். தெற்கில் அன்று நடந்த மிரட்டல்களையும் ஆள்மாறாட்டங்களையும் பற்றிச் சிங்களவர்களே எழுதியிருக்கிறார்கள். 'பவிதி ஹண்ட', துறவிகளின் குரல் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு மதகுருமார் அமைப்பு, விளக்குக்கு எதிராக ஒரு துண்டுப்பிரசுரம் அச்சிட்டது. பொலிஸ் அத்தியட்சகர் ஒருவர் அதைப் பறிமுதல் செய்தார். அமைப்பின் பிக்கு உச்சநீதிமன்றம் போனார். கருத்துச் சுதந்திரம் மீறப்பட்டதென்று 1983 பெப்ரவரியில் தீர்ப்பு வந்தது, அதிகாரி 10,000 ரூபா நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று. அரசாங்கம் என்ன செய்தது? காசைத் தானே கட்டி, அதிகாரிக்குப் பதவி உயர்வும் கொடுத்தது. அதே வருடம் யூலை முதலாம் திகதி யாழ்ப்பாணத்தில் 'சற்றர்டே றிவியூ' பத்திரிகைக்குச் சீல் வைத்தார்கள். அந்த மாதம் எப்படி முடிந்தது என்பதை இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இதையெல்லாம் தோழிக்குச் சொன்னபோது அவர் விளக்கையும் குடத்தையும் கேட்டு மிகவும் ரசித்தார். தங்களுக்குக் குடம் இருக்கவில்லை என்றார்.

அவர்களுக்கு இருந்தது தேவாலயங்களின் நிலவறைகள். கிழக்குப் பேர்லினில் சீயோன் தேவாலயத்துக்குச் சொந்தமான கட்டடத்தில் 1986இல் இளைஞர்கள் ஒரு சுற்றாடல் நூலகம் தொடங்கினார்கள். தடைசெய்யப்பட்ட புத்தகங்கள், கோப்பி, கீழே ஒரு றோணியோ மெஷின். 'தேவாலயத்தின் உட்பாவனைக்கு மட்டும்' என்று முதல் பக்கத்தில் போட்டுவிட்டால் தணிக்கைக்குக் கொடுக்கத் தேவையில்லை என்றொரு இடுக்கு இருந்தது. அந்த இடுக்குக்குள்ளால் காற்று மாசு, ஆற்று மாசு, இராணுவ சேவை என்று எல்லாவற்றையும் எழுதினார்கள். ஸ்ரென்சில் வெட்டி, மை பூசி, கைவிரலெல்லாம் கறுப்பாகி, நூறு நூற்றைம்பது பிரதி எடுத்து, கைமாறிக் கைமாறி வாசித்த வாழ்க்கை. இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களில் அந்த மையின் மணம் தெரியாதவர் குறைவு.

1987 நவம்பர் 24 நள்ளிரவில் ஸ்ராசி, அதாவது இரகசியப் பொலிஸ், அங்கே புகுந்தது. 'கிறென்ஸ்பால்' என்ற முற்றிலும் சட்டவிரோதமான சஞ்சிகையை அச்சிடும்போது கையும் மெய்யுமாகப் பிடிக்கத் திட்டம். மெஷினில் அப்போது ஓடிக்கொண்டிருந்ததோ நூலகத்தின் சொந்த இதழ். மெஷின்களைத் தூக்கினார்கள், ஆட்களையும் கொண்டுபோனார்கள். மறுநாளே தேவாலய வாசலில் மெழுகுதிரிகளோடு சனம் கூடத் தொடங்கியது. மேற்குத் தொலைக்காட்சி அதைக் காட்டியது, கிழக்கில் எல்லோரும் பார்ப்பது அதைத்தான். சில நாட்களில் பிடித்தவர்களை விட்டார்கள். 1989 மே மாதத்தில் சாவடிகளுக்குப் போன பலர் அந்த மெழுகுதிரிக் கூட்டத்தில் நின்றவர்கள். எண்ணும் துணிவு ஒருநாளில் வந்ததல்ல.

தேர்தல் முடிந்தபின் அவர்கள் செய்தது இன்னும் பிடித்திருக்கிறது. கல்லெறியவில்லை. சாவடிவாரியாகத் தாங்கள் எண்ணியதைத் தட்டச்சில் அடித்து, 'வால்பால் 89' என்று ஒரு ஆவணமாக்கினார்கள். தேர்தல் மோசடி அந்த நாட்டுச் சட்டத்திலும் குற்றம். ஆகவே முறைப்பாடு எழுதிக் கையெழுத்திட்டு அரச வழக்குத்தொடுநரிடம் கொடுத்தார்கள். ஆதாரமில்லை என்று திருப்பியனுப்பினார்கள். மாதத்தின் 7ஆம் திகதி வரும்போதெல்லாம் அலெக்சாண்டர் சதுக்கத்தில் கூடினார்கள். சிவில் உடுப்புக்காரர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த 7ஆம் திகதி மறுபடி வந்தார்கள். அதற்கிடையில் ஜூனில் பீஜிங்கில் டாங்கிகள் ஓடின. கிழக்கு ஜேர்மனியின் பாராளுமன்றம் அதை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. தீர்மானம் சீனாவுக்கல்ல, தங்களுக்குத்தான் என்று சனத்துக்கு விளங்கியது.

ஒக்ரோபர் 9 லைப்சிக்கில் 70,000 பேர் தெருவில் இறங்கினார்கள். ஆஸ்பத்திரிகளில் இரத்தம் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்ற கதை ஊரெல்லாம். பேர்லினிலிருந்து போன இருவர், அறாம் ரடோம்ஸ்கியும் சீக்பெர்ட் ஷெஃப்கவும், ஒரு தேவாலயக் கோபுரத்தில் படுத்துக் கிடந்து படம் பிடித்தார்கள். அடுத்த நாள் மேற்குத் தொலைக்காட்சியில் அது வந்தது. 'சில குழப்பக்காரர்கள்' என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்ததைச் சனம் தன் கண்ணால் பார்த்தது. அன்று சுடப்படவில்லை. ஒரு மாதத்தில் சுவர் திறந்தது. டிசம்பர் 4ஆம் திகதி எயர்பூர்ட் நகரில் ஸ்ராசி கட்டடத்தின் புகைபோக்கியிலிருந்து புகை வருவதைக் கண்டு, கோப்புகளை எரிக்கிறார்கள் என்று முதலில் உள்ளே போனவர்களில் முன்னுக்கு நின்றவர்கள் பெண்கள். எரித்தும் கிழித்தும் போக மிஞ்சியதே 111 கிலோமீற்றர் நீளத்துக்கு அடுக்கக்கூடிய கடதாசி. கிழித்தவற்றையும் 16,000 சாக்குகளில் கட்டி வைத்தார்கள். 1992 ஜனவரியிலிருந்து யாரும் தன் கோப்பை விண்ணப்பித்து வாசிக்கலாம்.

தோழியும் வாசித்தார். யார் எழுதிக் கொடுத்தது என்பதைப் பற்றி அவர் எனக்குச் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. அந்தக் கோப்பில் அவரைச் சிரிக்க வைத்தது ஒரு பக்கம்தான். அந்த வகுப்பறையில் அவருக்குப் பக்கத்தில் இன்னொருவரும் நின்று எழுதியிருக்கிறார், ஸ்ராசிக்காக. அவர் எழுதிய இலக்கமும் தோழி பலசரக்குத் துண்டில் எழுதிய இலக்கமும் ஒன்று. "எங்களுடையது சரியென்று அவர்களுக்கு அன்றிரவே தெரியும்" என்றார். சில நகரங்களின் பெரிய தலைகள், டிரெஸ்டன் மேயர், கடைசிப் பிரதமர்களில் ஒருவரான ஹான்ஸ் மொட்றோ, பின்னால் அந்த மோசடிக்காக நீதிமன்றம் ஏறினார்கள். ஒத்திவைத்த தண்டனைதான், ஒருவரும் உள்ளே போகவில்லை. தோழிக்கு அதில் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

லைப்சிக்கில் சனம் திரள்வதற்கு இரண்டரைக் கிழமைக்கு முன்னர், 1989 செப்ரெம்பர் 21, யாழ்ப்பாணத்தில் றஜனி திராணகம சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக்கொல்லப்பட்டார். வயது 35. மருத்துவபீட ஆசிரியை. அவரும் நண்பர்களும் 'மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள்' என்ற பெயரில் செய்ததும் இதே வேலைதான். எந்த ஊர், எந்த ஒழுங்கை, எத்தனை பேர், யார் சுட்டது. இலங்கை இராணுவம் கொன்றதை எழுதினார்கள். இந்திய இராணுவம் கொன்றதை எழுதினார்கள். இயக்கங்கள் கொன்றதையும் அதே பென்சிலால் எழுதினார்கள். சுட்டது யாரென்று ஊர் அன்றைக்கே பேசியது, தாழ்ந்த குரலில். அரசாங்கம் என்று ஒன்று கையில் வருவதற்கு முன்னமே எண்ணுகிறவரைச் சுடப் பழகிவிட்டோம். 1994 மே முதலாம் திகதி பாரிஸில் சபாலிங்கம் கொல்லப்பட்ட பிறகு, இங்கேயும் சிலவற்றை எண்ணாமல் விடப் பழகினோம். அரச ஒடுக்குமுறையைப் பற்றி எழுதும்போது இதை ஏன் இழுக்கிறாய் என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. எங்கள் பக்கத்துக் கணக்கில் கிழிந்த பக்கங்கள் இருந்ததால்தான், 2009இல் நாங்கள் கத்திச் சொன்ன இலக்கங்களை நம்பாமல் விட உலகத்துக்கு வசதியாகப் போனது என்பது என் எண்ணம். ஒப்புக்கொள்ளாதவர்கள் இருக்கலாம்.

2009 தொடக்கத்தில் வன்னிக்குள் 70,000 பேரளவில்தான் சனம் இருக்கிறது என்று அரசாங்கம் சொல்லிவந்தது. அது வெறும் பேச்சல்ல. அரிசியும் மாவும் மருந்தும் அந்தக் கணக்குக்குத்தான் போயின. அங்கே கடமையிலிருந்த அரச உத்தியோகத்தர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல் என்று எழுதியனுப்பினார்கள். ஒரு இலக்கத்தைக் குறைத்து எழுதிக் குழந்தைகளைப் பட்டினி போடலாம் என்பதை அந்த மாதங்களில்தான் கண்டோம். போர் முடிந்ததும் முகாம்களுக்குள் வந்து சேர்ந்தவர்களே அந்த 70,000ஐப்போல நான்கு மடங்கு. செத்த சிவிலியன்கள் எத்தனை என்று கேட்டதற்கு இரண்டு வருடம் வரை அரசாங்கத்தின் பதில் பூச்சியம். 98.85ஐ வாசித்தவர்கள் இவர்களோடு ஒப்பிட்டால் கூச்சமுள்ளவர்கள்.

அப்போது மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை, 2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு மன்னாருக்கு வந்தபோது அதன் முன்னால் ஒரு எழுத்து மூலமான சமர்ப்பணத்தை வைத்தார். அதில் சாபம் இல்லை, ஒப்பாரி இல்லை. ஒரு கழித்தல் கணக்கு இருந்தது. 2008 ஒக்ரோபர் தொடக்கத்தில் முல்லைத்தீவு, கிளிநொச்சிக் கச்சேரிகளின் கணக்குப்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059. 2009 யூலையில் ஐ.நா. அலுவலகத்தின் கணக்குப்படி அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380. முதலாவது இலக்கம் அரசாங்கத்தின் சொந்தக் கச்சேரி எழுதியது, பொய்யென்று சொன்னால் தன் உத்தியோகத்தரைத்தான் பொய்யரென்று சொல்லவேண்டும். இரண்டையும் கழித்து, மிச்சத்தைக் காட்டி, இவர்களுக்கு என்ன நடந்தது என்று தெளிவுபடுத்துங்கள் என்றார். அவ்வளவுபேரும் செத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. அதனால்தான் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாமல் போனது. பதிலாக வந்தவர்கள் சி.ஐ.டி.காரர்கள், இந்தக் கணக்கு எங்கிருந்து வந்ததென்று ஆயரை விசாரிக்க. 2021 ஏப்ரல் முதலாம் திகதி அவர் காலமாகும்வரை வேறு பதில் வரவில்லை.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தாய்மார் ஒரு கொட்டகையைப் போட்டுக்கொண்டு தெருவோரம் இருந்தார்கள். ஒப்படைத்த பிள்ளை எங்கே என்பதுதான் கேள்வி. நாட்களை எண்ணினார்கள். 2022 ஓகஸ்டில் 2,000 தாண்டியது. புலனாய்வுக்காரர் வந்து வந்து படமெடுத்தார்கள். வைசன்சே வகுப்பறை ஞாபகத்துக்கு வருகிறது. தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே போய்ச்சேர்ந்துவிட்டார்கள். எந்தத் தாய், எந்தப் பிள்ளை, எந்தத் திகதி என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்னர் இங்கே மே 18 நினைவு கூட்டமொன்றில் ஒரு பேச்சாளர் 40,000 என்றார், அது 2011இல் ஐ.நா. நிபுணர் குழு சொன்ன மேல் எல்லை. அடுத்தவர் இரண்டு லட்சம் என்றார். வெளியே தேத்தண்ணி குடிக்கும்போது, இங்கேயே பிறந்த ஒரு பெடியன், தமிழை ஜேர்மன் போலப் பேசுகிறவன், "அங்கிள், எது சரி?" என்று கேட்டான். எது சரியென்று எவராலும் சொல்லமுடியாது தம்பி, எண்ண விட்டால்தானே என்றேன். அவனுக்கு அது போதவில்லை. தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைக்கிற கடதாசியை எடுத்து, ஆயரின் இரண்டு இலக்கங்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் கொடுத்தேன். எந்த இலக்கம் எந்த அலுவலகத்தில் இருந்து வந்ததென்று பக்கத்தில் எழுதச் சொன்னான். எழுதினேன். கழித்தலை அவனே செய்தான், 146,679. தொலைபேசியிலும் ஒருமுறை தட்டிச் சரிபார்த்துவிட்டு, கடதாசியை மடித்துப் பேர்சுக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனான்.